ஒரு மூடிக் கிண்ணமும் நாற்பது கட்டுப் பங்குகளும்

ஏப்ரல் 29, திங்கள்

ஹுவெய்-தான் பங்கு விலை இன்றும் 62. வெள்ளிக்கிழமையும் 62. புரோக்கர் கூடத்தில் ஜுங் அண்ணனுக்கும் டாய் அக்காவுக்கும் வழக்கம்போல வாய்த்தகராறு. சிப்புகளில் பழுது கண்டுபிடிக்கிற கேமரா இயந்திரம் செய்கிற கம்பெனி, விற்பனை வருஷா வருஷம் ஏறுகிறது, பங்குக்கு ஆறு யுவான் லாபம், அப்படியும் விலை இவ்வளவுதானா என்பது அண்ணன் கட்சி. முப்பது வருஷம் லேத்தில் நின்ற மனிதர். இயந்திரம் என்று யாராவது சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். டாய் அக்கா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகம் மலர்வதெல்லாம் அவரிடம் கிடையாது.

“சந்தையில இருக்கிறவன் எல்லாரும் முட்டாளா அண்ணே? மலிவா கிடக்குதுன்னா உள்ள எங்கயோ சொத்தை இருக்கு.”

“ரெண்டு வருஷம் முந்தி ஒரு வாடிக்கைக்காரன் பணம் தராம ஓடிட்டான். அந்தப் பயம் இன்னும் போகலை. அவ்வளவுதான்.”

“பயம் போறதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துடுவோம்.”

என் கணக்கு வேறு. என் நாத்தனார் ஷியோ-யுன் தொழிற்பேட்டைக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். இன்று ஹுவெய்-தானுக்குப் போன பெட்டிகள் 231. போன வருஷம் இதே மாதம் நாளுக்கு 140. ஆள் கூடாமல் சோறு கூடுமா? பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் தட்டு எண்ணியவள் நான். எனக்கு வேறு ஆராய்ச்சி தெரியாது.

மே 2, வியாழன்

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

என்னிடம் நாற்பது கட்டு இருக்கிறது. கட்டுக்கு ஆயிரம் பங்கு. வாங்கிய விலை சராசரி 84.3. வீட்டில் இவரிடம் 58 என்று சொல்லிவைத்திருக்கிறேன். விலை விழ ஆரம்பித்தபோது மலிவு மலிவு என்று ஓடி ஓடி வாங்கினேன், அது 48 வரை போனது. சமையலறை வேலையில் சேர்த்த பணம் முழுக்க அதில்தான். இவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோச்சு, இன்னும் பேருந்து ஓட்டுகிறார். “உன் ஹுவெய்-தான் எண்பதைத் தொட்டா நான் சாவியைத் திருப்பிக் குடுத்துடுவேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எண்பது வந்தால் பெரிய லாபம் என்று நினைப்பு. என்ன சொல்ல.

எப்போதும் ‘உன் ஹுவெய்-தான்’தான். அதுவும் சரிதான், கேட்காமல் வாங்கியவள் நான்தானே.

மே 6, திங்கள்

இடி விழுந்த மாதிரி செய்தி. ஒரு பெரிய கம்பெனி ஹுவெய்-தானை முழுதாக வாங்கிக்கொள்ளப் போகிறதாம். பங்குக்கு 70. இயக்குநர்கள் தலையாட்டிவிட்டார்கள். ஜூன் 14 பங்குதாரர் கூட்டத்தில் முடிவு.

எல்லாருக்கும் சந்தோஷம், 62லிருந்து 70. எனக்கு மட்டும் ஐந்து லட்சத்து எழுபத்திரண்டாயிரம் நஷ்டம், அதுவும் இனி ஏறவே ஏறாது என்று முத்திரை குத்தி.

மே 7, செவ்வாய்

டாய் அக்காவிடம் ஐம்பத்தைந்து கட்டு. 50க்கு வாங்கியவர். பொறுத்தால் நூறு போகும் என்ற ஜுங் அண்ணனிடம், “கையில வர்ற எழுபதை விட்டுட்டுக் காத்துல பறக்கிற நூறைப் பிடிக்கச் சொல்றியா?” என்று கேட்டார்.

“நூறு காத்துல பறக்கலை. அவனுக்கு அது நூத்துக்கு மேல பெறும்னு தெரியும். அதான் எழுபதுக்குக் கேக்கிறான்” என்றார் ஜுங் அண்ணன். “உன் வீட்டை ஒருத்தன் தானா வந்து விலை கேட்டா நீ உடனே குடுப்பியா?”

“என் வீட்ல மழைக்கு ஒழுகுது. குடுத்துடுவேன்.”

கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

பிறகு அண்ணன் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். மொத்தப் பங்குகளில் மூன்றில் இரண்டு பாகமாவது கூட்டத்துக்கு வந்து சேர வேண்டும். நேரிலோ, கையெழுத்துப் போட்டு வாக்கை வேறொருவரிடம் ஒப்படைத்தோ. அவ்வளவு சேராவிட்டால் இணைப்பு செல்லாது. “எதிர்த்து ஓட்டுப் போடக்கூட வேண்டாம் லான். போனாலே எண்ணிக்கையில சேர்ந்துடுவோம். கூட்டச் சீட்டு வந்தா யார்கிட்டயும் குடுக்காம வீட்ல உக்காந்திரு, போதும்.”

சும்மா இருக்கணும். அவ்வளவுதான் என் வேலை. அதுகூடவா முடியாது?

மே 10, வெள்ளி

ஹுவெய்-தானின் ஏப்ரல் விற்பனை போன வருஷத்தைவிட 31 சதவீதம் கூடுதல். சாப்பாட்டுப் பெட்டி பொய் சொல்லாது.

மே 17, வெள்ளி

கூட்ட அழைப்புச் சீட்டு வந்தது. இழுப்பறையில் போட்டேன்.

ஜூன் 8, சனி

எழுதக் கை ஓடவில்லை.

இவர் மத்தியானம் மூன்று கிண்ணங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எஃகுக் கிண்ணம், ரப்பர் வளையம் வைத்த மூடி. முகத்தில் அப்படி ஒரு பெருமை. “பாரு, கனமா இருக்கு. போன வருஷம் பாத்திரம் கழுவுற சோப்புதான் குடுத்தாங்க. உனக்கு, எனக்கு, பொண்ணுக்கு.”

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

முந்நூற்றுச் சொச்சம் கம்பெனியில் எங்கள் மூன்று பேர் பெயரிலும் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிவைத்திருக்கிறார் இவர். வைத்திருப்பது கூட்ட நினைவுப் பரிசுக்காகத்தான். துண்டு, நூடுல்ஸ், நகவெட்டி. வருஷா வருஷம் இழுப்பறையில் இருக்கிற சீட்டையெல்லாம் அள்ளி, கையெழுத்துக்குப் பதிலாகப் பக்கத்திலேயே கிடக்கும் எங்கள் பெயர் முத்திரைகளைக் குத்தி, ஸ்டேஷனுக்கு எதிரே கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் பரிசு வாங்கிவருவார். சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தால் வாக்கை ஒப்படைத்ததாக அர்த்தம். இந்த வருஷம் அந்த ஏஜெண்ட் வாங்கவருகிற கம்பெனியின் ஆள். ஊர் முழுக்க எல்லாரும் இப்படித்தான் பரிசு வாங்குகிறார்கள், யாரும் அதைப் படிப்பதில்லை. நானும் இருபது வருஷமாகப் படித்ததில்லை. அந்தச் சோப்பில்தான் பாத்திரம் கழுவினேன்.

நாற்பது கட்டு. ஒரு கிண்ணத்துக்கு.

கத்திவிட்டேன். “உங்களுக்கு அறிவிருக்கா? என் சீட்டை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?” இவர் திகைத்துப்போய் நின்றார். “எப்பவும் கேக்கிறதில்லையே” என்றார்.

உண்மை. அந்த இழுப்பறையில் நான் ஏன் போட்டேன்? வேறு இடமா இல்லை வீட்டில்?

ஜூன் 9, ஞாயிறு

ஜுங் அண்ணனுக்குப் போன் செய்து அழுதேன். வெட்கம்தான், என்ன செய்ய. அவர் தன் சீட்டை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்புவரை எழுத்து மூலம் ரத்து செய்யலாம். கூட்டம் 14. நடுவில் முழுசாக இரண்டு நாள் விட்டால் கடைசி நாள் 11, செவ்வாய்.

இன்று ஞாயிறு, நாளை டிராகன் படகுப் பண்டிகை, எல்லாம் மூடியிருக்கும். ஆக ஒரே ஒரு நாள். “தபாலை நம்பாதே லான். தைபெய் ஆபீசுக்கு நேராப் போயிடு.”

ஜூன் 10, திங்கள்

பண்டிகை. மூங்கில் இலையில் பொதிந்த பசையரிசியை ஆவியில் வேகவைத்தேன், பன்றியிறைச்சியும் உப்பு முட்டையும் வைத்து. இவரோடு இன்னும் பேசவில்லை. இவர் நான்கு பொதி தின்றார், சத்தமில்லாமல்.

ஷியோ-யுன் போன் செய்தாள். “அண்ணி, பண்டிகை அன்னிக்கும் விட மாட்டேங்கிறாங்க. ஹுவெய்-தானுக்கு மட்டும் 180 பெட்டி. நான் எப்ப படகுப் போட்டி பார்க்கிறது?”

லீவு நாளில் 180. டாய் அக்காவிடம் போனில் சொன்னேன். அவர் மனமறிந்தே சீட்டைக் கொடுத்தவர், எழுபது போதும் என்று. “சரி சரி” என்று வைத்துவிட்டார்.

ஜூன் 11, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இவர் லீவு போட்டுவிட்டு என்னோடு கிளம்பினார். நான் வரச் சொல்லவில்லை. ஜூபெய் ஸ்டேஷனில் டாய் அக்கா நிற்கிறார், குடையும் கையுமாக, ஒரு உறையோடு.

“என்னுதையும் சேர்த்துக் குடுத்துடு. ரத்துக் கடிதம். முத்திரை குத்தியாச்சு.”

“என்னக்கா திடீர்னு?”

“நேத்து உன் நாத்தனார் வண்டி பின்னாடியே போய்ப் பார்த்தேன். 180 பெட்டி, நானே எண்ணினேன். கார் நிறுத்த இடமில்லை. சொத்தை இருக்கும்னு பார்த்தா சோறுதான் இருக்கு.” ரயில் நகர்ந்தபோது ஜன்னலைத் தட்டி, “விலை விழுந்துச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்” என்றார்.

சின்ஃபெங் ஸ்டேஷன் தாண்டியதும் இவரிடம் சொல்லிவிட்டேன். 58 இல்லை, 84. அதனால்தான் அப்படிக் கத்தினேன் என்று. இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல், வெளியே வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹுகோ வந்தது, போனது. வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். யாங்மெய் வந்தபோது பையிலிருந்து ஒரு இலைப்பொதியை எடுத்து, நூலைப் பிரித்து, பாதியை எனக்குக் கொடுத்தார். முட்டை இருந்த பாதி.

“சரியா 84ஆ?”

“84.3.”

“புள்ளி மூணையும் சொல்லிடு. இனிமே பொய் வேண்டாம்.” கொஞ்ச நேரம் மென்றார். “நானும் கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்.”

பங்குப் பதிவு அலுவலகத்தில் கவுண்டர் பெண் இரண்டு கடிதங்களின் முத்திரையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னிக்குத்தான் கடைசி நாள், தெரியுமில்ல?” என்றாள். தெரிஞ்சுதாம்மா விழுந்தடிச்சு ஓடிவந்தோம் என்று இவர் சொன்னார். ரசீது கைக்கு வந்ததும் அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா.

திரும்பும்போது இவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். என் முத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். இனி அது இழுப்பறைக்குப் போகாது.

ஜூன் 14, வெள்ளி

ஜுங் அண்ணன் கூட்ட மண்டபத்துக்கு வெளியே நின்று போன் செய்தார். உள்ளே போனால் அவரையும் எண்ணிவிடுவார்கள் என்று மழையில் நின்றாராம். வந்து சேர்ந்தது 66.5 சதவீதம். வேண்டியது 66.67. இணைப்பு செல்லாது.

இவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். கம்பெனியில் மொத்தம் நாலு கோடிப் பங்கு. என்னுடையதும் டாய் அக்காவுடையதும் தொண்ணூற்றைந்து கட்டு. அவையும் போயிருந்தால் 66.74.

இரண்டு பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 17, திங்கள்

சந்தை திறந்ததும் 59க்கு விழுந்தது. டாய் அக்கா சொன்னபடியே வாசலில் வந்து உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். “எழுபதைக் கெடுத்த பாவி” என்று சொல்லிக்கொண்டே மூன்று கோப்பை குடித்தார்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது இரண்டு பேர் சேர்ந்து பயப்படுகிறோம். நன்றாகத் தூங்குகிறேன்.

ஜூலை 10, புதன்

ஜூன் விற்பனை 44 சதவீதம் கூடுதல். விலை 71. டாய் அக்கா தான்தான் முதலில் சொன்னதாகக் கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜுங் அண்ணன் மறுக்கவில்லை. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

79. பெட்டிகள் 290. ஷியோ-யுன் இரண்டாவது அடுப்பு போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மத்தியானம் அந்த மூடிக் கிண்ணத்தில் இவருக்கு வேர்க்கடலைக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல கிண்ணம்தான், சூடு ஆறுவதில்லை.

பேருந்துச் சாவியை மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். குடித்துக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தார்.

“86 ஆயிடுச்சு. நம்ம ஹுவெய்-தானை என்ன பண்ணலாம், கொஞ்சம் விக்கலாமா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக்கொண்டுபோய் இழுப்பறையில், இவருடையதன் பக்கத்தில் வைத்தேன்.