வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவனுக்கு

தம்பி,

இன்று காலை பிலிமத்தலாவையிலிருந்து வந்த மருமகன் இரண்டு செவ்விளநீரை மேசையில் வைத்தார். பார்த்ததும் உன்மேல்தான் எரிச்சல் வந்தது. செத்துப்போயும் நீ என்னை விட்டபாடில்லை.

செவ்வாயும் வெள்ளியும் கண்டி ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் மூன்று வருடம் கிடந்தோம். நம் சிறுநீரகம் செய்யாத வேலையை இயந்திரம் நான்கு மணி நேரம் செய்யும். நர்ஸ் மிஸ் சொன்னது இவ்வளவுதான்: ஒரு நாளும் தவறவிடக் கூடாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், இளநீரும் வாழைப்பழமும் இதயத்தை நிறுத்திவிடும்.

நீயோ ஹேவாஹெட்டயிலிருந்து வருமுன் இரண்டு வீட்டில் தேத்தண்ணீர் குடித்திருப்பாய். குடித்தது எடையில் தெரியக்கூடாது என்று, தராசில் ஏறும்போது செருப்பு, பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் தருவாய். யாரை ஏமாற்றினாய்? கேட்டால், எங்கள் வழக்கப்படி என்னை அண்ணனாக்கி 'நானா' என்று குழைவாய்.

"கூப்பிட்டுக் குடுக்குறாங்க நானா. வேணாம்னா மொகம் வாடிப் போயிருமே."

"அவங்கட மொகம் நாளைக்கு சரியாகும். ஒன்ட நெஞ்சு நிண்டா?"

சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த செவ்வாய், உன் பிள்ளைகளுக்கென்று ஒரு கிண்ணம் வட்டிலப்பம் கொண்டுவந்தேன்; தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்தது, நமக்கு ஆகாது. நீ அங்கேயே திறந்து என் முன்னால் பாதியைத் தின்றாய், நான் சந்தோஷப்படுவேனாம். வெள்ளியன்று கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தாய். வெறுங்கிண்ணமாகத் தரக்கூடாது என்று உள்ளே உன் தோட்டத்துக் கதலி வாழைப்பழம் இரண்டு. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஒன்றை உரித்துத் தின்றேன்.

அடுத்த மாதம் உன் மச்சான் மகளுக்குச் சடங்கு. வீட்டுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு எப்படிப் புறப்படுவது என்று வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டாய். செவ்வாய் உன் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையே நீ போய்விட்டாய் என்று மிஸ்தான் சொன்னார். அத்தனை பேர் கூடிய வீட்டில் ஒருவராவது உன்னை பஸ் ஏற்றிவிட்டிருக்கக் கூடாதா? நீ போக வேண்டும் என்று வாய் திறந்து சொல்லியிருக்கவே மாட்டாய். அதை நினைத்தால் இன்னும் கோபம் தீரவில்லை.

மருமகனிடம், "எனக்கு வேணாம் மகன், பிள்ளைகளுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் முகம் வாடத்தான் செய்தது. பிறகு பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தம்பி. இதைத்தான் மூன்று வருடம் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்தான் ஒருமுறைகூடச் செய்து காட்டவில்லை.