தாழம்பூ தெருவில் நிற்கும் கார் கைவிடப்பட்டதன்று

அனுப்புநர்
திருமதி சுந்தரவல்லி விஜயராகவன் (வயது 74),
எண் 9, தாழம்பூ தெரு,
மந்தைவெளி, சென்னை 600 028.

பெறுநர்
மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
சென்னை.

பொருள்: கைவிடப்பட்ட வாகனங்களின் பட்டியலிலிருந்து என் காரை நீக்கக் கோருதல், அத்துடன் தங்கள் பணியாளர் மூவருக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: என் காரின் முன்கண்ணாடியில் 26.06.2025 அன்று ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். கணவர் இறந்த துக்கத்தில், அவருடைய ஓடாத காரைத் தெருவில் நிறுத்தி நான் துடைத்துத் துடைத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பதாக எங்கள் தெருவில் சொல்லிவருகிறார்கள். எதிர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் தங்களுக்கு அனுப்பிய புகாரிலும் 'உணர்ச்சி காரணமாக வைத்திருக்கும் பழுதடைந்த வாகனம்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. இதில் மூன்று பிழைகள் உள்ளன. கார் என் கணவருடையது அன்று, என்னுடையது. அது ஓடுகிறது. அதைக் கும்பிடுவது ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று. அன்று சங்கச் செயலாளரும் தம் காருக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை என் வாசல்பக்கமாகத்தான் நசுக்குகிறார்.

2. மேற்படி கார் 1997ஆம் ஆண்டு மாருதி 800. நான் காப்பீட்டு அலுவலகத்தில் பணியில் இருந்தபோது என் பெயரில் வாங்கியது. என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, நான் ஏற்கெனவே பார்த்துவிட்ட பள்ளங்களை எனக்குக் காட்டிக்கொண்டு வருவது அவர் வழக்கம். அவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளங்களை இப்போதும் நானேதான் பார்க்கிறேன். காரின் பதிவு 2027 வரை புதுப்பிக்கப்பட்டுள்ளது. காப்பீடு, புகைச் சான்று, என் ஓட்டுநர் உரிமம் ஆகியன நடப்பில் உள்ளன. நகல்கள் இணைப்பு 1-இல் உள்ளன.

3. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் காலை ஐந்து இருபதுக்கு நான் காரை எடுக்கிறேன். மீர்சாகிப்பேட்டையில் வசிக்கும் திருமதி கைசர் ஜஹானை ஏற்றிக்கொண்டு, ஆறு மணி டயாலிசிஸுக்காக அடையாறில் ஒரு மருத்துவமனையில் இறக்கிவிடுகிறேன். ஆறேகாலுக்குள் கார் பழைய இடத்தில், உறை போர்த்தி நிற்கும். திரும்பும்போது அவரை அவர் மருமகன் அழைத்துச் செல்கிறார். ஒரு நடைக்குப் பதினொன்றரை கிலோமீட்டர். ஆகவே, எப்போது பார்த்தாலும் கார் அங்கேயே நிற்கிறது என்று சங்கத்தார் கூறுவது பொய்யன்று. அவர்கள் எழுந்து பார்க்கும் நேரம் அப்படி.

4. கைசர் ஜஹானும் நானும் கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். சிகிச்சை தொடங்கிய முதல் மாதம் அவர் வாடகைக் கார்களை நம்பியிருந்தார். அந்த அதிகாலையில் பதிவு செய்தால் வருவதாகச் சொல்லிப் பிறகு ரத்து செய்துவிடுவார்கள். வந்தவர்களும், இவர் மூட்டு மடங்காமல் ஏறி முடிப்பதற்குள் ஹாரன் அடித்தார்கள். இரண்டு முறை சிகிச்சை தவறியது. இரண்டாவது முறை கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவசரப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை, சாவியை எடுத்தேன். இன்றோடு ஓராண்டும் நான்கு மாதங்களும் ஆகின்றன. ஒரு நாளும் தாமதமானதில்லை.

5. இருபத்தெட்டு வயதுக் கார் தாமதமில்லாமல் ஓடுவது தற்செயலாக நடப்பதன்று. மேற்கு மாம்பலத்தில் பட்டறை வைத்திருக்கும் திரு. வெள்ளைத்துரைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கைசர் ஜஹான் முழங்காலை மடக்காமல் உட்காரும்படி, இடப்பக்க முன்னிருக்கையின் அடியில் இரும்புத் துண்டுகள் வைத்து இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தவர் அவர். அளவெடுக்க மீர்சாகிப்பேட்டைக்கே வந்தார். கடற்காற்றில் கதவின் அடிப்பாகம் துருப்பிடிப்பதால், மழைக்கு முன் கதவுகளின் அடியில் நீர் வடியும் சிறு துளைகளை விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி அடைப்பெடுக்கச் சொல்லிக் கொடுத்தார். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது என்று, அவை கசிவதற்கு முன்பே மாற்றினார். எலி வயரைக் கடிக்காமலிருக்க பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைக்கச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கடைக்குச் சென்று புகையிலை கேட்ட முதல் ஆள் நான்தான்.

6. என் பங்கு எளியது. தினமும் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. ஞாயிறுதோறும் டயர்களின் காற்று. ஆறு மாதத்திற்கு ஒருமுறை எஞ்சின் ஆயில், கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் சரி. புயல் எச்சரிக்கை வந்தால், வெள்ளத்துக்குப் பயந்து காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவோர் வரிசையில் நானும் நிற்பேன். சிறு ஓசை மாறினாலும் வெள்ளைத்துரையைத் தொலைபேசியில் அழைப்பேன். அவர் ஒருமுறை, "அம்மா, வண்டி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் அதைச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்கீங்க" என்றார். சந்தேகப்பட்டதால்தான் நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

7. இனி, என் தவறு. இதை நானே எழுதுவதுதான் முறை. ஜூன் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, தங்கள் அலுவலகக் கள ஆய்வாளர் திரு. சித்தார்த்தன் என் காரின் இடப்பக்க முன்டயரிலிருந்து தரை வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டுச் சென்றிருக்கிறார். கார் நகர்ந்தால் டயரிலுள்ள கோடும் தரையிலுள்ள கோடும் விலகிவிடும், நகரவில்லையென்றால் சேர்ந்தே இருக்கும் என்பது அவர்கள் வழிமுறை. எனக்கு அது தெரியாது. பக்கத்துத் தெருக்களில் வண்டி நிறுத்துவதற்கு வெள்ளைக் கோடு போடுகிறார்களே, அதைப் போல என் கார் நிற்கவேண்டிய எல்லையை மாநகராட்சி குறித்திருக்கிறது என்று எண்ணினேன். மறுநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பி, டயரைச் சரியாகத் தரைக் கோட்டில் நிறுத்தினேன். டயரைக் கழுவியபோது அதிலிருந்த கோடு போய்விட்டது. அரசு போட்ட குறியை அழித்துவிட்டோமே என்று, வீட்டிலிருந்து சாக்பீஸும் மர ஸ்கேலும் எடுத்துவந்து, தரையிலிருந்த கோட்டோடு பொருந்தும்படி மறுபடி போட்டேன். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் இப்படியே செய்தேன். தரைக் கோடு மங்கியபோது அதையும் புதுப்பித்தேன்.

8. கான்வென்ட்டில் எறிபந்து மைதானத்தின் கோடுகள் மங்கினால் மறுபடி போடுவது என் பொறுப்பு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் கைசர் ஜஹான். மேலிடத்தில் போட்ட கோட்டை அழியவிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் போட்டார்கள் என்று கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

9. இதன் விளைவாக 9, 16, 23 ஆகிய தேதிகளில் திரு. சித்தார்த்தன் வந்து பார்த்தபோதெல்லாம் கோடு சேர்ந்தே இருந்தது. மூன்று வாரம் கார் அசையவில்லை என்று அவர் எழுதினார். அவர் கண்டதை அவர் எழுதினார், அதில் குறையில்லை. அந்த மூன்று வாரத்தில் கார் ஒன்பது முறை, நூற்று மூன்றரை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

10. ஜூலை 7ஆம் தேதிக்குள் காரை அகற்றாவிட்டால் மாநகராட்சியே எடுத்துச் சென்று ஏலத்தில் விடும் என்ற அறிவிப்பை வியாழனன்று கண்டேன். மறுநாளே தங்கள் அலுவலகம் வந்தேன். நான் சற்றுக் குரலை உயர்த்தியது உண்மை. திரு. சித்தார்த்தன் எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நான் முடிக்கும் வரை பொறுத்து, பிறகு தம் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். முதல் படத்தில் கோடு கோணலாக இருந்தது. மற்ற மூன்றிலும் நேராக இருந்தது. நேராக இருப்பவை நான் ஸ்கேல் வைத்துப் போட்டவை என்றேன். அவர் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. "அம்மா, வண்டி நகருதான்னு பாக்கத்தான் நான் கோடு போட்டேன். நீங்க ஸ்கேல் வச்சி திரும்பப் போட்டுக்கினு இருந்தா நான் இன்னா பண்றது?" என்று அவர் கேட்டார். அறையிலிருந்த அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணவர் போன பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் நான் சிரித்தது அதுவே முதல்முறை.

11. ஆனால் பட்டியல் கையெழுத்தாகிவிட்டது, பெயரை நீக்கும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு, எழுத்துமூலம் மனுக் கொடுங்கள் என்று அவர் வழி சொன்னார். தங்கள் பதவிப் பெயரையும் முகவரியையும் தாமே எழுதிக் கொடுத்தார். கையெழுத்து அவர் போட்ட கோட்டைவிட நன்றாகவே இருந்தது.

12. நேற்று, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, தெருமுனையில் கிடந்த ஒரு பழைய ஆட்டோவை எடுக்க வந்த லாரி, பட்டியலில் என் காரும் இருப்பதைப் பார்த்து, கெடு முடியுமுன்பே சங்கிலி மாட்டத் தொடங்கியது. நான் மாடியில் இருந்தேன். அவர்களைத் தடுத்தவர் எங்கள் தெருத் தூய்மைப் பணியாளர் திருமதி தேவானை. அவர் சொன்னதை, மாடிவரை கேட்டபடியே எழுதுகிறேன்: "இன்னா நைனா, கண்ணு தெரியலயா? டெய்லி தொடச்சி வச்சிக்கீது அந்தம்மா, இது அனாத வண்டியா? வாரத்துல மூணு நாளு என் தொடப்பத்தத் தாண்டித்தான் போவுது. கேட்டுப் பாரு, ஹாரன் கூட அடிக்காது." நான் இறங்கி வந்து சாவியைப் போட்டேன். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது. லாரி ஓட்டுநர் சற்று நேரம் எஞ்சின் ஓசையைக் கேட்டுவிட்டு, "என் லாரியே இப்டி ஸ்டார்ட் ஆவாதும்மா" என்று சங்கிலியைக் கழற்றினார். "ஏழாந்தேதிக்குள்ள பேப்பர் வாங்கிடுங்க. அப்பால வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றும் சொன்னார். அவர் பெயரைக் கேட்கத் தவறியது என் குறை. அவருக்கும் என் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

13. தேவானையை ஓராண்டுக்கு மேலாக அதிகாலையில் பார்த்துவந்தும், தலையசைப்பதோடு நான் நின்றிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நேற்றுதான் அவர் பெயரைக் கேட்டேன். கார் ஓடுவதற்குச் சாட்சியாக அவர் கையொப்பம் இணைப்பு 2-இல் உள்ளது. சாட்சி சொன்னதால் அவருக்குப் பணியில் எந்தத் தொல்லையும் வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

14. சங்கத்தின் மீது நான் எதிர்ப்புகார் கொடுக்கவில்லை. அவர்கள் எழுதியதில் ஒன்று சரி. காரின் உறை கிழிந்து, பார்ப்பதற்கு அலங்கோலமாகத்தான் இருந்தது. உறையை மாற்றிவிட்டேன். செயலாளர் என்னிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போன மாதமே மாற்றியிருப்பேன்.

15. ஆகவே நான் வேண்டுவன: என் காரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். திரு. சித்தார்த்தனுக்கும் திருமதி தேவானைக்கும் என் நன்றியைத் தெரிவிக்க வேண்டும். திரு. சித்தார்த்தனின் அறிக்கை தவறானதற்குக் காரணம் நானே என்பதால் அவர்மீது எந்தக் குறிப்பும் எழுதக் கூடாது. இனிச் சாக்பீஸ் கோடு போடும்போது, அது எதற்கென்று ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டச் செய்தால், என்னைப் போன்ற கீழ்ப்படிதலுள்ளவர்களுக்கு உதவியாக இருக்கும்.

16. கெடு முடிந்த மறுநாள், 8ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று ஐந்து நாற்பதுக்குக் கைசர் ஜஹான் வழக்கம்போல் தம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இந்த அறிவிப்பைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், இனி வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அவரால் பார்த்துக்கொள்ள முடியாது.

17. என் சொல்லைச் சரிபார்க்க விரும்பினால் தாங்கள் அதற்கு முன் எந்த நடைக்கும் நேரில் வரலாம். இம்மாதம் 3ஆம் தேதியும் 5ஆம் தேதியும் உள்ளன. சரியாக ஐந்து இருபதுக்குக் கார் கிளம்பும், காத்திருக்க இயலாது. முன்னிருக்கை கைசர் ஜஹானுடையது என்பதால் தாங்கள் பின்னிருக்கையில்தான் அமர வேண்டியிருக்கும்.

என் கார் நீக்கப்பட்டது என்பதை, 7ஆம் தேதிக்கு முன் எனக்கு எழுத்துமூலம் பதிலாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மந்தைவெளி, சென்னை
நாள்: 01.07.2025, செவ்வாய், காலை 7.10

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
சுந்தரவல்லி விஜயராகவன்

இணைப்புகள்:
1. பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் – நகல்கள்.
2. திருமதி தேவானையின் சாட்சிக் கடிதம் (அவர் சொல்ல நான் எழுதியது, படித்துக் காட்டப்பட்டது).
3. திரு. சித்தார்த்தன் எடுத்த நான்கு படங்கள். முதலாவதில் கோடு கோணலாக இருப்பதைக் காண்க.