பரீட்சை நடந்த அறைக்குள் சாப்பாட்டுத் தட்டோடு

மருமகளுக்கு,

குடோனுக்கு லாரி வந்துவிட்டதாம், மூட்டை இறக்கக் கிளம்பிவிட்டேன். சாவி ஜன்னலோரம் இருக்கிறது. பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், அவசரத்தில் எழுதுகிறேன். பரீட்சை என்றால் பெஞ்சு, மணி, வாத்தியார் என்றுதான் எனக்குத் தெரியும். நம் வீட்டு அறையிலேயே, கம்ப்யூட்டருக்குள் இருந்து ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார் என்று யார் கண்டது? நேற்று காலையிலிருந்து நீ பட்டினியாயிற்றே என்று தட்டோடு உள்ளே வந்துவிட்டேன். "ரூமுக்குள்ள ஆள் வந்துட்டாங்க, பரீட்சையை நிறுத்துறோம்" என்று அந்தக் குரல் சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது. ஊட்டச்சத்து மேல்படிப்பின் கடைசிப் பரீட்சை, ஒரு தட்டுச் சோற்றால் நின்றுபோனது.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று நீ கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீயோ தட்டை வாங்கி வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

இன்றைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை நடத்துகிறவர்கள் விசாரிக்கக் கூப்பிடுவார்கள் என்று மகன் சொன்னான். மறுபடி எழுத விடுவதும் விடாததும் அதில்தானாம். என்னையும் கேட்கட்டும். போன் சட்டைப் பையிலேயே இருக்கும், முதுகில் மூட்டை இருந்தாலும் எடுப்பேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். "யார் அவர்?" என்று அந்தக் குரல் கேட்டபோது "எங்கப்பா" என்றாய். என் காதில் விழுந்தது. இன்றைக்கும் அதையே சொல். நீ யார் என்று என்னைக் கேட்டால், என் மகள் என்றுதான் சொல்லப்போகிறேன்.