சிவப்பு என்றால் சிவப்பு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு நுரையீரல் தேறிவிட்டது, நடக்கிறேன், சாப்பாடும் இறங்குகிறது.

தேறாதது தலைதான். ஐ.சி.யூ.வில் நீ என் கைகளைக் கட்டிப்போட்டு, எஞ்சினிலிருந்து தள்ளிவிடப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன். டாக்டரோ, "உடம்பு ரொம்ப முடியாமப் போனா மூளை கொஞ்ச நாள் குழம்பும்மா. நிறையப் பேருக்கு வர்றதுதான்" என்கிறார். இல்லாததைக் கண்ட கண்ணை நம்பி அத்தனை ஜனமும் ரயிலில் ஏறலாமா? டிரைவர் வேலையை விட்டுவிடப் போகிறேன்.

அதற்கப்புறம் நீ ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை? அங்கே உன்னைக் கண்டபடி திட்டினேனாமே, அந்தக் கோபமா?

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமா? எஞ்சினில் அசிஸ்டென்டாகப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களிடம் வாங்காத திட்டா! என்னைப் பார்த்தால் மறுபடி மிரள்வீர்களோ என்றுதான் வரவில்லை.

கட்டியது நானில்லை. ஆக்சிஜன் குழாயைப் பிரேக் என்று நினைத்துப் பிடுங்கினீர்கள், அதனால் நர்ஸ் கட்டினார். "வண்டி நிக்கலையே, சிக்னல் என்னடா?" என்று ஒரே கத்தல். எல்லாரும் "பச்சைதாம்மா, படுங்க" என்று சமாதானம் சொல்லச் சொல்ல இன்னும் திமிறினீர்கள். மானிட்டரிலோ சிவப்பு விளக்கு மினுங்கியது. பார்க்காத பச்சையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எஞ்சினில் நான் சிக்னலைச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்வீர்களே, அதே குரலில் சொன்னேன்: "சிவப்பு!"

"சிவப்பு" என்று சொல்லிக் கையைத் தளர்த்தினீர்கள்.

"வண்டி நின்னாச்சுக்கா" என்றேன். தூங்கிவிட்டீர்கள். நான் வெளியே போய் அழுதேன்.

அத்தனை பேரும் பச்சை என்றபோதும் ஏமாறாத கண் அக்கா அது. அதை நம்பி நான் ஏறுவேன்.

உங்கள் தம்பி

ஜூன் 19

அடேய் தம்பி,

தேறிவிட்டேன்! மறுபடி வண்டி ஓட்ட ரயில்வே வைத்த கண், காது, மனம், எல்லாச் சோதனையிலும்! மனநல டாக்டர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுவிட்டு, "பயமா இருக்கா?" என்றார். "இருக்கு. ஆனா பக்கத்துல பொய் சொல்லத் தெரியாதவன் ஒருத்தன் இருக்கான்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நீ என்னைக் கட்டும் காட்சி இன்னும் எப்போதாவது வருகிறது. "நின்னாச்சு" என்று உரக்கச் சொல்கிறேன், போய்விடுகிறது.

திங்கட்கிழமைக் காலை வண்டி நமக்கு. தாமதமாக வந்தால் திட்டு நிச்சயம். பச்சை விழுந்ததும் நடைமேடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல். அதைவிடச் சத்தமாக நான் திருப்பிச் சொல்லப் போகிறேன்.

உன் டிரைவர் அக்கா