மாங்காய் ரூமுக்கு வந்த வரி

முப்பத்தெட்டு வயதிலும் என்னைக் "கண்ணு" என்றே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த வருஷம் முதலமடையில் மாம்பூ நிறையப் பூத்தது, மழை வந்து பாதியைக் கெடுத்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நான் இன்னும் கொல்லங்கோட்டு ஜவுளிக்கடைக்குத்தான் போய்வருகிறேன். சொல்ல வந்தது வேறு. உங்கள் பேருக்குப் பஞ்சாயத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, வீட்டு வரி கட்டச் சொல்லி.

நம் வீட்டுக்கு ஏது வரி என்றுதான் நானும் நினைத்தேன். இத்தனை சின்ன வீட்டில் சொந்தக்காரர்களே குடியிருந்தால் கேரளத்தில் வரி கிடையாது. ஆனால் நம் வீட்டில் ஒரு குடோன் இருப்பதாக அவர்கள் பதிவில் இருக்கிறதாம். குடோன் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. உயிரோடு இருந்தவரை அடுத்தவர் தோப்பில் காவல் இருந்தீர்கள், செத்த பிறகு உங்களை வியாபாரி ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் குடோன் நான் படுத்துத் தூங்குகிற அறைதான், அப்பா.

மூன்று வருஷத்துக்கு முன் நான் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து நின்றேன். ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. மறுவாரமே செங்கல் இறக்கி, மேற்குச் சுவரை ஒட்டி எனக்கென்று ஒரு அறை கட்டினீர்கள். அளக்க வந்த பஞ்சாயத்து ஆள் இது எதற்கு என்று கேட்டபோது, "மாங்கா வெக்கற ரூமுங்க" என்றீர்கள். நம் ஊரில் பாதி வீட்டில் மாங்காய் போட ஒரு அறை உண்டு, யாருக்கும் சந்தேகம் வராது. மகள் வாழாமல் வந்துவிட்டாள் என்று ஓர் அந்நியரிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இன்றைக்குக் கோபம் கோபமாக வருகிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மாற்றி எழுதலாம் என்கிறார்கள். அது மாங்காய் அறை இல்லை, மகள் நிரந்தரமாகக் குடியிருக்கிற அறை என்று அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் வந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் நம் வீட்டில் நடக்காது. விசாரிக்கிறவர்களிடம் அம்மா இன்னும், "லீவுக்கு வந்திருக்குதுங்க" என்றுதான் சொல்கிறாள். மூன்று வருஷம் லீவு கொடுக்கிற கம்பெனி எங்கே இருக்கிறதோ! போதாததற்குப் பக்கத்து வீட்டு சரசக்கா வந்து, "ஏனுங்கக்கா, சம்பாதிக்கற புள்ள கூடவே இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க பென்சனை நிறுத்திப்போடுவாங்க" என்று பற்றவைத்துவிட்டுப் போனார். மெய்யோ பொய்யோ, அம்மாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. யாரையும் கேட்காமல் அவள் செலவழிக்கிற காசு அந்த விதவைப் பென்சன் ஒன்றுதான். என் சம்பளத்தில் தருகிறேன் என்றேன். "நீ குடுக்கறதும் அது வாரதும் ஒண்ணாயிருமா?" என்றாள்.

போன வாரம் வரிப் பதிவைச் சரிபார்க்கப் பஞ்சாயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மலையாளத்துப் பெண், சின்ன வயது, நல்ல மாதிரி. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் மறித்து நின்றாள்.

"அது மாங்கா ரூம் தானுங்க. எங்க ஊட்டுக்காரரு சொன்னது. செத்துப்போன மனுசனைப் பொய் சொன்னவருன்னு ஆக்கோணுங்களா?"

அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். என் கட்டில், கொடியில் என் சேலை, கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்த பொட்டுகள். மாங்காய் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி மெதுவாக, "சேச்சி இவிடெத்தன்னெயாணோ தாமசம்?" என்று கேட்டாள். நீங்கள் குடியிருப்பது இங்கேதானா என்கிறாள்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தே வைத்திருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க. சும்மா வந்திருக்கறனுங்க" என்றேன்.

நீங்கள் சொன்னபோது அது என்னைக் காப்பாற்ற. அம்மா சொன்னது உங்களைக் காப்பாற்ற. நான் யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னேன்? அந்தப் பெண் போன பிறகு அம்மா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்படி ஒரு வெட்கத்தை நான் வாழாமல் வந்த நாளில்கூடப் பட்டதில்லை, அப்பா.

இனி வருஷா வருஷம் வரி வரும். உங்கள் பேரிலேயே நான் கட்டிவிடுவேன், அம்மாவை அலையவிட மாட்டேன். இது சத்தியம். அந்தப் பெண் மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன் என்பதற்கு மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் குடியிருக்கும்
உங்கள் மகள்