அம்மன் காசில் இருந்த வெட்டு

இன்று காலை மருமகள் நகை கழுவப் பூந்திக்கொட்டையை ஊற வைத்திருந்தாள். அந்த வாடை வந்ததும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், நம் மகன் எழுதுகிறான்.

நீயும் அப்படித்தான் ஊற வைத்தாய், என் அம்மா செத்த வருஷம். அவள் கழுத்திலிருந்து உன் கைக்கு வந்த, அம்மன் காசு என்று நாங்கள் கும்பிட்ட தங்கக் காசு, வெள்ளிதோறும் வைத்த மஞ்சளும் குங்குமமும் அடையாக ஏறி முகமே தெரியாமல் இருந்தது. நீ தேய்க்கத் தேய்க்க அடை போனது. அடியில் அம்மன் இல்லை. மூக்கு நீண்ட ஓர் ஆம்பளை. கன்னத்தின் குறுக்கே ஆழமாய் ஓர் உளி வெட்டு.

பொங்கலுக்கு வந்திருந்த என் தங்கை பார்த்தாள்.

"எங்கம்மா காசுல ஏது அண்ணி வெட்டு? எந்தக் கடையில மாத்திகினு வந்தீங்க?"

நீ ஈரக் கையோடு நின்றாய். "கழுவுனேன், அவ்ளோதான்" என்றாய். அதன் பிறகு அந்தக் காசை நீ கழுத்தில் போடவில்லை, அதற்குப் பொட்டும் வைக்கவில்லை. துணியில் முடிந்து பெட்டியில் போட்டாய். நீ காசை மாற்றிவிட்டாய் என்ற பேச்சு மட்டும் தங்கை வாழ்க்கைப்பட்ட பள்ளிப்பட்டு வரை போனது. நீ கண்ணை மூடும் வரை ஓயவில்லை.

போன வாரம், திருத்தணியில் பழங்காசு பார்த்துச் சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றான் மகன். தங்கையையும் கூப்பிட்டேன்.

"இப்ப எதுக்குண்ணா? அண்ணியே போய்ச் சேந்துட்டாங்க."

"அதுக்குத்தான் வா."

மலைக்குப் போகும் சாலையில் அவர் வீடு. காசை வாங்கியதும், "இதுல போலி நிறைய வருதுங்க" என்றார். எடை போட்டார். கண்ணாடி வைத்து ஓரத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். போலி என்று அவர் சொல்லிவிட்டால், உன்னைத் திருடி என்று சொல்ல நானே சாட்சியைத் தேடிப் போனது போல் ஆகிவிடும். தங்கை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அசல் தங்கம். ரோமாபுரி ராஜா காசுங்க. ரெண்டாயிரம் வருஷம் கிட்ட இருக்கும்."

தங்கை விடவில்லை. "அந்த வெட்டு?"

"அதுவும் பழசும்மா. நம்ம பக்கம் கெடைக்கற ரோமக் காசு நிறையத்துல இப்படி இருக்கு. ஏன் வெட்டுனாங்கன்னு சரியா தெரியல. பாருங்க, மூக்கு தேஞ்ச மாதிரியே வெட்டோட ஓரமும் தேஞ்சிருக்கு."

ஊசியால் வெட்டுக்குள் மெல்ல நெம்பினார். வெள்ளைத் தாளில் கறுஞ்சிவப்பாய்த் துகள் விழுந்தது.

"குங்குமம். கல்லாட்டம் இறுகிப் போயிருக்கு. யாரோ வருஷக்கணக்கா வெச்சிருக்காங்க."

நீ வைக்கவில்லை. வைத்தது யாரென்று தங்கைக்குத் தெரியும். அந்தத் துகளை விரலில் தொட்டு, "அம்மா" என்றாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: "அண்ணி என்னத் திருப்பி ஒரு வார்த்த கேக்கலியேண்ணா."

நேற்று வெள்ளிக்கிழமை. தங்கை குங்குமச் சிமிழோடு வந்தாள். காசுக்கு வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உன் படத்துக்கு வைத்தாள். காசு அதன் கீழே, வெட்டு தெரியக் கிடக்கிறது.

அவள் தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று உன் பக்கம் பேசாமல் நின்ற எனக்குத்தான் இன்று காலை அந்த வாடையோடு உன் ஈரக் கை வந்து நின்றது. கழுவுனேன், அவ்ளோதான்.