களிம்பு போன காசுகள்

நம் மகளின் அப்பாவுக்கு,

நீங்கள் விட்டுப்போன பழங்காசுப் பெட்டியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தீர்கள். அதை உங்கள் பெயரிலேயே குழந்தைகள் காப்பகத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கும் பழங்காசு சேகரிக்கும் ஆசை வரட்டுமே. “பெரிய மனசுங்க அவருக்கு” என்று காப்பாளர் நெகிழ்ந்துபோனார்.

ஆனால் கறுப்பும் களிம்புமாக இருந்தால் பிள்ளைகள் தொடுவார்களா? தேய்த்தால் மதிப்பே போய்விடும் என்பீர்கள். ஒரு காசைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்ததற்குத்தானே அன்று நம் மகளின் சுண்டுவிரல் அப்படி ஆனது?

நேற்று அந்தக் கோணல் விரலோடு அவளே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்: “பயப்படாம அழுத்தித் தேயுங்க. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க.”

ஒன்று விடாமல் எல்லாம் கண்ணாடியாக மின்னுகின்றன. வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எச்சில் தட்டைத் தேய்த்தவள்